இடையீடும் எச்சமும்: கணினிக் கருவின் ஒரு பிழையும் தமிழ் இலக்கணமும்

 

இன்றைய பொழிவின் தலைப்பைக் கண்டு சிலர் வியந்திருக்கலாம். கணினியின் இயங்குதளத்தில் நேரும் ஒரு பிழையைத் திருத்துவது பொறியாளர் வேலை. அதில் மொழியியலுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். இரண்டு காரணங்களுக்காக இப்பொருளைத் தேர்ந்தேன். முதலாவது, இந்தப் பிழையைத் தமிழில் முழுமையாக, ஒரு கண்ணியும் விடாமல் விளக்க முடியுமா என்று இந்த அவையிலேயே சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். இரண்டாவது, இந்தப் பிழையின் உள்ளமைப்பு நம் இலக்கண நூலார் நன்கறிந்த ஒரு சிக்கலோடு ஒத்திருக்கிறது. அந்த ஒப்புமை, கலைச்சொல் ஆக்கத்தில் நாம் எங்கே கவனம் செலுத்த வேண்டும் என்பதையும் காட்டுகிறது.

1. வேலைக்கு நடுவே வரும் அழைப்பு

கணினியின் செயலி ஒரு நேரத்தில் ஒரு கட்டளையை எடுத்து, அதை முடித்து, அடுத்த கட்டளைக்குச் செல்லும். தோட்டத்தில் பால்மரம் சீவுபவர் தம் நிரையில் ஒரு மரத்தை முடித்து அடுத்த மரத்துக்குப் போவது போன்றது இது. ஆனால் உலகம் அந்த வரிசைக்குக் கட்டுப்பட்டதன்று. ஒருவர் விசைப்பலகையைத் தட்டுகிறார். வலையிலிருந்து ஒரு செய்தி வருகிறது. கடிகாரம் ஒரு துடிப்பைத் தருகிறது. இவை செயலியின் ஓய்வுக்காகக் காத்திருப்பதில்லை. அந்தந்தக் கருவி ஒரு மின்குறிப்பை அனுப்பி, 'என்னைக் கவனி' என்கிறது. இதுவே ஆங்கிலத்தில் இன்டரப்ட் எனப்படுவது. இப்போதைக்கு இதனை 'இடையீடு' என்று சொல்லி வைப்போம். ஏன் இந்தச் சொல் என்பதைப் பின்னர் பேசுவோம்.

குறிப்பு வந்ததும் செயலி தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்துகிறது. எந்தக் கட்டளையில் நிறுத்தியது என்பதைக் குறித்து வைக்கிறது. பிறகு, இயங்குதளத்தின் கர்னல் என்னும் கருப்பகுதியில் அந்தக் கருவிக்கென எழுதப்பட்டிருக்கும் சிறு நிரலுக்குத் தாவுகிறது. அந்தச் சிறு நிரலைக் கையாளி என்போம். கையாளி தன் வேலையை விரைந்து முடித்ததும், செயலி குறித்து வைத்த இடத்துக்கே திரும்பி, ஒன்றும் நடவாதது போல் பழைய வேலையைத் தொடர்கிறது.

1981-இல் வெளிவந்த ஐபிஎம் பிசி கணினியில் விசைப்பலகைக்கென 1 என்னும் எண்ணுடைய இடையீட்டுத் தடம் ஒதுக்கப்பட்டிருந்தது. விசையை அழுத்தும்போது ஓர் இடையீடு, விடும்போது மற்றோர் இடையீடு. 'கொ' என்ற எழுத்தைத் தமிழ்99 விசைப்பலகையில் தட்ட இரண்டு விசைகள் வேண்டும். எனவே அத்தகைய கணினியில் அந்த ஓர் எழுத்துக்காகச் செயலி நான்கு முறை தன் வேலையை நிறுத்தித் திரும்பியிருக்கும். முத்து நெடுமாறன் அவர்கள் மலேசியாவில் உருவாக்கிய முரசு அஞ்சலில் நாம் எழுதிய மடல்களானாலும், இன்று கைப்பேசியில் எழுதும் குறுஞ்செய்தியானாலும், நாம் கண்டிராத இந்த நிறுத்தங்களின் மீதும் திரும்புதல்களின் மீதுமே அவை நிற்கின்றன.

இந்த அமைப்பின் தொல்லையை முன்னோடிகள் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1950-களின் இறுதியில் எலக்ட்ராலாஜிகா எக்ஸ்1 என்னும் கணினிக்கு இடையீடு கையாளும் நிரலை எழுதினார். 1959-இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடும் அதனைப் பற்றியதே. இடையீடு எந்தக் கணத்தில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அதனால் விளையும் பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டுவதும் அரிது. இன்று வந்த பிழை நாளை வராது. ஆய்வுக்கூடத்தில் வராதது ஆலையில் வரும்.

2. கிராணியின் பேரேடு

பிழை எப்படி நேர்கிறது என்பதற்கு நம் மண்ணிலிருந்தே ஓர் உவமை சொல்கிறேன்.

தோட்டத்தில் பால் நிறுக்கும் இடத்தில் ஒரு கிராணி பேரேட்டுடன் அமர்ந்திருக்கிறார் என்று கொள்வோம். அன்றைய மொத்தம் 412 கிலோ என்று ஏட்டில் இருக்கிறது. எதிரே நிற்பவர் 8 கிலோ கொண்டு வந்திருக்கிறார். கிராணி 412 என்று படித்து, எட்டைக் கூட்டி, 420 என்று மனத்தில் கொள்கிறார். எழுதக் கையெடுக்கும் நேரத்தில் தொலைபேசி ஒலிக்கிறது. அடுத்த பிரிவிலிருந்து 12 கிலோ வந்ததாகச் செய்தி. ஏட்டைப் பார்க்கிறார், 412 என்றே இருக்கிறது. 12-ஐக் கூட்டி 424 என்று எழுதிவிட்டுத் தொலைபேசியை வைக்கிறார். பின்னர், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். மனத்தில் 420 இருக்கிறது. 424-ஐ அடித்துவிட்டு 420 என்று எழுதுகிறார். அடுத்த பிரிவின் 12 கிலோ காற்றில் போயிற்று.

இங்கே கூட்டலில் பிழையில்லை; எழுத்தில் பிழையில்லை; கிராணியிடம் நேர்மைக் குறையும் இல்லை. படித்தல், கூட்டல், எழுதல் ஆகிய மூன்றும் ஒரே செயலாக நிகழ வேண்டும் என்னும் உடன்பாடு உடைந்தது, அவ்வளவே. தொலைபேசி ஒரு நொடி முன்னோ ஒரு நொடி பின்னோ ஒலித்திருந்தால் கணக்குச் சரியாகவே இருந்திருக்கும். பிழை நிகழ்ந்ததற்கான தடயம் ஏட்டில் இல்லை என்பதுதான் இதன் கொடுமை.

இதனைத் தடுக்க ஒரு விதி செய்யப்படுகிறது. ஏட்டைத் தொடுபவர் முதலில் அதைப் பூட்ட வேண்டும்; எழுதி முடித்த பிறகே திறக்க வேண்டும்; பூட்டியிருந்தால் திறக்கும்வரை அங்கேயே நின்று காத்திருக்க வேண்டும். இரண்டு கிராணிகள் இருக்கும் அலுவலகத்துக்கு இவ்விதி போதும். ஒருவர் காத்திருக்க, மற்றவர் முடித்துத் திறந்துவிடுவார். இன்றைய கணினிகளில் பல செயலிகள் இருப்பதால் இத்தகைய பூட்டு இன்றியமையாதது. காத்திருப்பவர் வேறு வேலைக்குப் போகாமல் 'திறந்ததா, திறந்ததா' என்று சுற்றிச் சுற்றிப் பார்ப்பதால் இதனைச் சுழல்பூட்டு எனலாம்.

3. தன்னையே எதிர்பார்த்து நிற்றல்

நாம் எடுத்துக்கொண்ட பிழை இங்கேதான் பிறக்கிறது. கிராணி ஒருவரே. ஏட்டைப் பூட்டிக்கொண்டு எழுதத் தொடங்குகிறார். தொலைபேசி ஒலிக்கிறது. தொலைபேசியை உடனே எடுக்க வேண்டும் என்பது மேலிட விதி. எடுத்தால் அந்த உரையாடல் முடியும்வரை வேறெதையும் செய்யக் கூடாது என்பதும் விதி. எடுக்கிறார். 12 கிலோவைப் பதிய வேண்டும். ஏடு பூட்டியிருக்கிறது. பூட்டியவர் திறக்கட்டும் என்று காத்திருக்கிறார். பூட்டியவர் யார்? அவரே! தொலைபேசி வேலை முடிந்தால்தான் ஏட்டு வேலைக்குத் திரும்புவார்; ஏட்டு வேலை முடிந்தால்தான் தொலைபேசி வேலை முடியும். இனி எக்காலத்திலும் அவர் அசையப் போவதில்லை.

கணினியில் இதன் வெளித்தோற்றம் எளியது. திரை உறைந்து போகிறது. விசைக்கு மறுமொழி இல்லை. மின்னிணைப்பைத் துண்டித்து மீண்டும் தொடங்குவதைத் தவிர வழியில்லை. கருவிகளை இயக்கும் கர்னல் நிரல்களில் இப்பிழை பலமுறை எழுந்து, பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. பூட்டைப் பிடித்திருக்கும் நேரம் நொடியின் இலட்சத்தில் ஒரு பங்குகூட இராது. அந்தச் சிறு இடைவெளியில், அதே செயலியில், அதே கருவியின் இடையீடு வந்தால் மட்டுமே இது நேரும். ஆயிரம் முறை சோதித்தும் அகப்படாமல், பயனரிடம் போய்ச் சேர்ந்த பிறகு தலைகாட்டுவது இதனாலேயே.

இவ்வகைப் பிழைகளை வெறும் எரிச்சலாக எண்ணிவிடக் கூடாது. தெராக்-25 என்னும் கதிரியக்க மருத்துவப் பொறியில் 1985-க்கும் 1987-க்கும் இடையே ஆறு நோயாளிகள் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர், உயிரிழப்பும் நேர்ந்தது. அங்கே கண்டறியப்பட்ட குறைகளில் ஒன்று, ஒரே காலத்தில் ஓடும் இரு பணிகள் பொதுத் தரவை முறையின்றிப் பகிர்ந்தமை. இயக்குநர் திரையில் விரைவாகத் திருத்தம் செய்தபோது, அத்திருத்தம் ஒரு பணிக்குத் தெரிந்தது, மற்றொன்றுக்குத் தெரியவில்லை. நம் கிராணியின் பேரேட்டில் தொலைந்த 12 கிலோவும் இதுவும் ஒரே குடும்பத்துப் பிழைகள்.

4. திருத்தம்

திருத்தம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்த வரிகளின் ஒழுங்கு முக்கியம். ஏட்டைப் பூட்டுமுன் கிராணி தொலைபேசியை ஒத்திவைக்க வேண்டும். கணினி மொழியில் சொன்னால், பொதுவான வேலையைச் செய்யும் நிரல், கையாளியும் பயன்படுத்தும் பூட்டைப் பிடிக்குமுன், தன் செயலியில் இடையீடுகளை ஒத்திவைக்க வேண்டும்; பூட்டைத் திறந்த பிறகே அந்த ஒத்திவைப்பை நீக்க வேண்டும். முறை மாறிப் பூட்டைப் பிடித்துவிட்டு ஒத்திவைத்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் பழைய பிழை மீண்டும் நுழையும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வேலை முடிந்ததும் 'இடையீடுகளை அனுமதி' என்று எழுதுவது தவறாகலாம். நம் நிரலை அழைத்த மேல்நிரல் ஒன்று தன் தேவைக்காக ஏற்கெனவே அவற்றை ஒத்திவைத்திருக்கக்கூடும். நாம் அனுமதித்துவிட்டால் அதன் காப்பைத் திறந்துவிட்டவர் ஆவோம். எனவே தொடங்கும்போது இருந்த நிலையைக் குறித்துக்கொண்டு, முடிந்ததும் அந்நிலைக்கே திருப்ப வேண்டும். லினக்ஸில் இதற்கெனத் தனிக் கட்டளை இணை இருக்கிறது: ஒன்று நிலையைச் சேமித்து ஒத்திவைத்துப் பூட்டுவது, மற்றது திறந்து பழைய நிலையை மீட்பது. விருந்தினராகப் போன வீட்டில் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டு வருவது போன்ற பண்பு இது.

ஒத்திவைப்பு நெடுநேரம் நீடிக்கவும் கூடாது. பழைய தொடர்வழித் தகவல் சில்லான 8250-இல், வந்த எழுத்தை வைக்க ஒரே எழுத்துக்குத்தான் இடம். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஏறத்தாழ 960 எழுத்துகள் வரும். ஒரு மில்லிநொடிக்கு ஓர் எழுத்து. அதற்குள் எடுக்காவிட்டால் அடுத்த எழுத்து முந்தையதன் மேல் ஏறிவிடும். பின்வந்த 16550-இல் 16 எழுத்துகளுக்கு இடம் தந்தனர். ஆகவே, ஒத்திவைக்காதிருப்பதும் பிழை. அளவு கடந்து ஒத்திவைப்பதும் பிழை.

இப்பிழையைத் தேடும் முறையிலும் ஒரு முன்னேற்றம் நிகழ்ந்தது. அங்கேரியரான இங்கோ மோல்னார் எழுதிய லாக்டெப் என்னும் சரிபார்ப்பி 2006-இல் லினக்ஸ் 2.6.18 பதிப்பில் சேர்ந்தது. கணினி உறைந்து போகும்வரை அது காத்திருப்பதில்லை. ஒவ்வொரு பூட்டு வகையைப் பற்றியும் அது இரண்டு செய்திகளைக் குறித்து வைக்கிறது: இப்பூட்டு எப்போதாவது இடையீட்டுக் கையாளிக்குள் பிடிக்கப்பட்டதா? எப்போதாவது இடையீடுகள் அனுமதிக்கப்பட்டிருக்கையில் பிடிக்கப்பட்டதா? இரண்டுக்கும் விடை 'ஆம்' என்றால், விபத்து இன்னும் நிகழாதபோதும் எச்சரிக்கிறது. வழுவான தொடரை ஒருவர் பேசிக் கேட்ட பிறகு திருத்துவது ஒன்று; வழு எங்கே பிறக்கும் என்பதை விதியால் முன்னுரைப்பது மற்றொன்று. பின்னதையே நாம் இலக்கணம் என்கிறோம்.

5. இடைப்பிறவரல்

இப்போது என் துறைக்கு வருகிறேன். பவணந்தி முனிவரின் நன்னூல், சொல்லதிகாரத்துப் பொதுவியலில் இடைப்பிறவரல் என்பதைப் பேசுகிறது. வேற்றுமை உருபும், முற்றும், பெயரெச்ச வினையெச்சங்களும் தாம் தழுவும் சொல்லோடு அடுத்தடுத்து நிற்க வேண்டும் என்னும் கட்டாயமில்லை. இடையே பிற சொற்கள் வரலாம். ஆனால் எல்லாச் சொற்களும் வரலாகாது. ஏற்பன மட்டுமே வரலாம்.

இந்த வரையறை ஏன் வேண்டும்? 'வாங்கிய பசு' என்பதன் நடுவே 'சிவந்த' என்ற சொல்லை இட்டு 'வாங்கிய சிவந்த பசு' எனலாம். பொருள் கெடவில்லை. இடையே வந்தது தன் வேலையைச் செய்துவிட்டு விலகிக்கொள்ள, 'வாங்கிய' என்னும் எச்சம் தனக்குரிய பெயரைச் சென்று சேர்கிறது. ஆனால் 'ஓடிய சிறுவன்' என்பதன் நடுவே 'பசுவைப் பிடித்த' என்பதை இட்டுப் பாருங்கள்: 'ஓடிய பசுவைப் பிடித்த சிறுவன்'. ஓடியது யார்? கேட்பவர் பசு என்றே கொள்வார். இடையே வந்த தொடர், காத்திருந்த எச்சத்துக்குரியதைத் தான் பற்றிக்கொண்டது. சிறுவனுக்கு உரிய வினை தொலைந்தது. 'பசுவைப் பிடித்த, ஓடிய சிறுவன்' என்றோ 'ஓடிச்சென்று பசுவைப் பிடித்த சிறுவன்' என்றோ தொடரை மாற்றினால்தான் பொருள் மீளும்.

கையாளி ஒன்று, இடைநின்ற நிரலுக்குரிய பதிவகத்தைப் பழைய மதிப்பைச் சேமிக்காமல் மாற்றிவிட்டால் நிகழ்வதும் இதுவே. இடையே வருவது குற்றமன்று. இடையே வந்தது, இடைநின்றதன் உடைமையைத் தொடுவதே குற்றம்.

'எச்சம்' என்ற பெயரையும் எண்ணிப் பாருங்கள். முற்றுப்பெறாது எஞ்சி நிற்பது எச்சம். நிறுத்தப்பட்ட நிரல் ஓர் எச்சம். அது அழியவில்லை, முடிப்புக்காகக் காத்து நிற்கிறது. ஓர் இடையீட்டைக் கையாளும்போதே அதனினும் முதன்மையான மற்றோர் இடையீடு வந்தால், எச்சத்துக்குள் எச்சமாக அடுக்கு உயர்கிறது. கடைசியில் நின்றது முதலில் முடிய வேண்டும். எச்சங்களைத் தொடர்ந்து அடுக்கி, இறுதியில் ஒரு முற்றினால் முடிக்கும் நீண்ட தொடர்களைக் குழந்தைப் பருவம் முதல் பேசிவரும் நமக்கு, இந்த அடுக்கு அயலான கருத்தாகத் தோன்ற வேண்டியதில்லை.

நான் இங்கே ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நன்னூலார் கணினியை முன்னறிந்தார் என்று கூறுவது அவருக்குப் பெருமை சேர்க்காது. வரிசையாகச் செல்லும் எந்த ஒழுங்கிலும், அது மொழியாயினும் பொறியாயினும், இடையீடு ஒரே வகைச் சிக்கலைத் தருகிறது. அந்தச் சிக்கலைத் தெளிவாகக் கண்டு விதி சொன்ன மரபு நம்மிடம் இருக்கிறது. அந்த மரபைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தலாம் என்பதே என் வாதம்.

6. சொல்லைத் தேர்தல்

இன்டரப்ட் என்பதற்கு நாம் எடுக்கத்தக்க தமிழ்ச் சொற்கள் பல: குறுக்கீடு, இடைமறிப்பு, இடையூறு, தடங்கல். ஒவ்வொன்றையும் பிழையின் மீது உரசிப் பார்ப்போம். குறுக்கீடு இயற்பியலில் ஒளியலைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து விளைவிக்கும் நிகழ்வுக்கு ஏற்கெனவே வழங்கும் சொல். இடைமறிப்பு, போகிறவரைத் தடுத்து நிறுத்துவது. மறித்தவர் விட்டாலன்றி மறிக்கப்பட்டவர் போக முடியாது. இடையூறும் தடங்கலும் வேண்டாத தொல்லையைக் குறிப்பன. இயங்குதளத்தில் இவ்வழைப்பு தொல்லையன்று, அதுவே உயிர்நாடி. கடிகார இடையீடு இல்லையெனில் ஒரு நிரலிடமிருந்து செயலியை வாங்கி மற்றொன்றுக்குத் தரவே இயலாமற் போகும். எனவே, எதிர்பார்க்கப்பட்ட, முறைப்படி வந்து முறைப்படி விலகும் ஒன்றைக் குறிக்க இடையீடு என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். இடைப்பிறவரலோடு அதற்குள்ள உறவு வெளிப்படை.

அதைப் போலவே, ஆங்கிலத்தில் முகமூடியிடுதல் என்ற பொருளில் வழங்கும் செயலைத் தமிழில் 'அணைத்தல்' என்று சொல்வது மாணவரைத் திசைதிருப்பும். அணைத்தால் அழைப்பே இல்லாமற் போகும் என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அழைப்பு வாயிலில் காத்திருக்கிறது. வாயில் திறந்ததும் உள்ளே வருகிறது. ஆகவே 'ஒத்திவைத்தல்' பொருந்தும். நல்ல கலைச்சொல் பொருளின் பாதியைத் தானே கற்பித்துவிடும். பொருந்தாத சொல்லோ ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியர் எதிர்த்துப் போராட வேண்டிய சுமையாகிவிடும்.

சொல்லாக்கம் நமக்குப் புதிதன்று. 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் இராசாசியும் நண்பர்களும் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் அமைத்தனர். நம் நாட்டிலும் 2001-இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. ஆயினும் நம் உழைப்பு பெரும்பாலும் பட்டியல்களோடு நின்றுவிடுகிறது. பட்டியலில் உள்ள சொல் உறங்குகிறது. ஒரு பிழையை விளக்கும்போதுதான் அது விழித்தெழுகிறது.

7. நம் பிள்ளைகளும் இந்த அறிவும்

பிறமொழியிலேயே இவற்றைக் கற்கலாமே, தமிழில் எதற்கு என்னும் வினா இங்கே எழும். நம் நாட்டில் இது ஏட்டளவு வினாவன்று. 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படும் கொள்கை நடைமுறைக்கு வந்தது. 2012 முதல் அது கட்டங்கட்டமாகக் கைவிடப்பட்டது. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்து, தமிழ்ப்பள்ளிகளில் அவ்விவாதத்தை மீண்டும் எழுப்பியது. ஆங்கிலம் வேண்டா என்று நான் சொல்லவில்லை. நிரல்களும் ஆவணங்களும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பொறியாளராகப் போகும் பிள்ளை அதனைக் கற்றே ஆக வேண்டும். நான் கேட்பது வேறு. படித்த ஒன்றைத் தனக்குள் எண்ணிப் பார்க்கவும், வீட்டில் தன் பாட்டிக்கு விளக்கவும், தவறு எங்கே என்று வாதிடவும் அப்பிள்ளைக்குத் தன் மொழியில் இடம் இருக்க வேண்டாமா?

1972-இல் இன்டெல் நிறுவனம் பினாங்கில் தன் ஆலையைத் தொடங்கியது. அதன் பின் வந்த ஆண்டுகளில் பேராக்கின் தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலர் அத்தகைய ஆலைகளுக்குச் சென்றனர். சில்லுகள் அவர்கள் கை வழியே போயின. அவற்றுக்குள் நிகழ்வது என்ன என்னும் அறிவு தமிழில் அவர்கள் வீடு வந்து சேரவில்லை. தமிழ்நாட்டில், சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டமைப்பில் சக்தி செயலியை வடிவமைத்தது. 2018-இல் அதன் சில்லில் லினக்ஸ் இயங்கிற்று. அந்தக் கட்டமைப்பில், இடையீடு வரும்போது நின்ற இடத்தைக் குறிக்க ஒரு பதிவகம், காரணத்தைக் குறிக்க ஒரு பதிவகம், முன்பிருந்த அனுமதி நிலையைக் காக்க ஒரு துணுக்கு எனத் தனித்தனி இடங்கள் உண்டு. 'எங்கே நின்றாய், எதனால் நின்றாய், எந்நிலையில் இருந்தாய்' என்னும் மூன்று வினாக்களே அவை. இவற்றைத் தமிழில் கேட்பதில் என்ன தடை?

லினக்ஸ் கர்னலில் ஒரு செய்தி உண்டு. ஒரே தடத்தைப் பல கருவிகள் பகிரும்போது, இடையீடு வந்தால் ஒவ்வொரு கையாளியிடமும் 'இஃது உன்னுடையதா?' என்று கேட்கப்படும். எல்லாம் 'இல்லை' என்று கைவிரித்தபடியே இருந்து, 1,00,000 அழைப்புகளில் 99,900-க்கும் மேல் உரியவரின்றிப் போனால், கர்னல் 'யாரும் பொருட்படுத்தவில்லை' என்னும் பொருள்பட ஒரு வரியைப் பதிந்துவிட்டு, அந்தத் தடத்தையே மூடிவிடும். அதன் பிறகு அத்தடத்தில் உண்மையான அழைப்பு வந்தாலும் செவிமடுக்க ஆளிராது.

அறிவியல் தமிழின் வாயிலிலும் அழைப்புகள் வந்தவண்ணம் உள்ளன. ஆசிரியர் பொறியாளரைக் காட்டுகிறார்; பொறியாளர் புலவரைக் காட்டுகிறார்; புலவர் அரசைக் காட்டுகிறார். 'என்னுடையதன்று' என்பதே எல்லோர் விடையும். இந்த மன்றத்திடம் என் வேண்டுகோள் சிறியது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, நம் வட்டாரத்திலிருந்து சென்று இத்துறையில் பணிபுரியும் ஓர் இளையரை அழையுங்கள். அவர் தம் பணியில் கண்ட ஒரே ஒரு பிழையை, அது வந்த வழியையும் தீர்ந்த வழியையும் தமிழில் சொல்லட்டும். சொல் கிடைக்காத இடத்தில் தமிழாசிரியர்கள் எழுந்து உதவட்டும். அவ்வுரையை இவ்வரிசையில் அச்சிடுங்கள். அத்தகைய பத்து நூல்கள் சேர்ந்தால், எந்தக் கலைச்சொற் பட்டியலும் தராத உரமும் பழக்கமும் நம் மொழிக்கு அமையும்.